தண்ணீரை மறந்த எலிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், எலி கொல்கிற வேலை என்றுதான் சொல்வேன். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஏதோ லேபில் ரத்தம் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக்காரி, "சுகர் டெஸ்ட் உங்க எடத்துல பண்ணுவாங்களாக்கா?" என்று கேட்டாள். "யாருக்கு, உனக்கா எலிக்கா?" என்றேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் சௌகரியமாகப் போயிற்று.

சந்தாபுராவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி. அதன் விலங்குக்கூடத்தில் பதினாறு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். கூண்டு மாற்றுவது, எடை போடுவது, ஊசி போடுவது, சோதனை முடிந்ததும் வாயுப் பெட்டியில் வைத்து முடிப்பது எல்லாம் என் கை. சோதனையை யோசிப்பது மேடம். மேடம் மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ், மீட்டிங்கில் இங்கிலீஷ், கோபம் வந்தால் கன்னடம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கெட்டிக்காரி. ஆனால் எலியைக் கையில் பிடிக்க மாட்டாள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலிக்கு ராத்திரிதான் பகல். அது விழித்திருக்கும்போது சோதனை நடக்க வேண்டும், நாங்களோ பகலில் வேலைக்கு வருகிறவர்கள். அதனால் அறையின் நேரத்தைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். காலையில் வெள்ளை விளக்கு தானாக அணைந்துவிடும். சாயங்காலம் வரை ஒரே ஒரு சிவப்பு விளக்கு. எலிக் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, அதற்கு அது இருட்டு. வெளியே வெயில் கொளுத்தும். இரண்டு கதவைத் தாண்டினால் உள்ளே ரத்த நிறத்தில் ஓர் இரவு. நான் நுழைந்ததும் எல்லாக் கூண்டிலும் அசைவு நின்றுவிடும். பிறகு கம்பியில் மீசை உரசும் சத்தம் கேட்கும். நாற்பது மூக்கு ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புகிற சத்தம் அது. பதினாறு வருஷமாகியும் அந்த ஒரு நொடி எனக்குப் பழகவில்லை.

நான் சொல்லவரும் சோதனையின் மருந்து ஒரு ஹார்மோனுக்கு எதிரானது. பயந்தால் நம் உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் இறக்கும். எலிக்கு அதே ஜாதியில் இன்னொன்று. அது ரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது. மூளையில் அதை வாங்கிக்கொள்ள ரிசெப்டார் என்று ஒன்று இருக்கிறது. மேடம் பூட்டு சாவி படம் போட்டு விளக்குவாள். எனக்கென்னவோ அது காது மாதிரிதான் தோன்றும். மருந்து போய் அந்தக் காதை அடைத்துக்கொண்டு உட்காரும். ஹார்மோன் வந்து கத்தும், உள்ளே கேட்காது. கேட்கவில்லை என்று உடம்பு இன்னும் கொஞ்சம் இறக்கும், இன்னும் கத்தும். ரத்தம் முழுக்கப் பயம் ஓடிக்கொண்டிருக்க, எலி ஒன்றுமே நடக்காததுபோல மூஞ்சியைத் துடைத்துக்கொண்டிருக்கும். முதல் தடவை அந்த ரத்த ரிப்போர்ட்டையும் அந்த எலியையும் சேர்த்துப் பார்த்தபோது, வேறு எலியின் ரிப்போர்ட்டோ என்று கூண்டு எண்ணை மறுபடி சரிபார்த்தேன்.

சோதனை நீச்சல். உயரமான நாலு கண்ணாடி உருளை, ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி தண்ணீர், ஏறி வர வழி கிடையாது. முதல் நாள் ஊசி போட்டுக் கால் மணி நேரம் உள்ளே விடுவோம். எலி நீந்தும், சுவரைப் பிறாண்டும், முங்கி அடியில் வழி தேடும். பிறகு வழி இல்லை என்று புரிந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி மிதக்கும். மறுநாள் ஊசி இல்லாமல் மறுபடி ஐந்து நிமிஷம். சாதாரண எலிக்கு நேற்றைய ஞாபகம் இருக்கும், சீக்கிரமே மிதக்கத் தொடங்கிவிடும். காது அடைபட்ட எலிக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. முதலிலிருந்து சுவரைப் பிறாண்டும். மருந்து அதற்குள் உடம்பைவிட்டுப் போயிருக்கும், அது போட்ட ஓட்டை மட்டும் இருக்கும். நடந்ததை மூளையில் பதியவைப்பதே அந்த ஹார்மோன்தானாம். பழைய மருந்து ஒன்றில் இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். எங்களுடையது புதுசு. கெட்டது நடந்த மனுஷர்களுக்கு அது மனதில் ஆழமாகப் பதியாமல் தடுக்கலாம் என்று கம்பெனிக்கு ஓர் ஆசை.

எந்த எலிக்கு மருந்து, எதற்கு மருந்து கலக்காத வெறும் எண்ணெய் என்பது எனக்கும் தெரியக்கூடாது, மேடத்துக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் நாம் பார்க்க விரும்புவதைத்தான் பார்ப்போம். மருந்துக் கிடங்கிலிருந்து ஏ, பி என்று எழுதின புட்டி வரும். எது என்ன என்பது சீல் வைத்த உறைக்குள் இருக்கும். இருபது கூண்டு, கூண்டுக்கு இரண்டு எலி, ஒரு கூண்டில் இருக்கும் இரண்டுக்கும் ஒரே புட்டி. கூண்டின் முன்னால் ஓர் அட்டை செருகியிருக்கும். அதில் கூண்டு எண், ஏ அல்லது பி. எல்லாம் ஒரே வயது வெள்ளை எலி. அந்த அட்டையை எடுத்துவிட்டால் எதுவும் எதுவும் அல்ல.

முதல் நாள் நீச்சல் ஒழுங்காக முடிந்தது. மறுநாள் காலை கம்பெனியில் ஆயுத பூஜை, மதியம் இரண்டாம் நீச்சல், அதற்குப் பிறகு இரண்டு நாள் லீவு.

பூஜை பற்றி முந்தைய வாரமே பேச்சு வந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர்தான் வருஷாவருஷம் முன்னால் நின்று செய்வார். ஹாசன் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சாம்பிராணி போட்டு, பூசணிக்காய் உடைப்பார். எலி ரூமுக்குள் புகை ஆகாது என்று நான் சொன்னேன்.

"எல்லா மெஷினுக்கும் ஆகுது, அதுங்களுக்கு மட்டும் வேணாமா சிஸ்டர்?"

"அதுங்க மெஷின் இல்லண்ணா. புகை போனா மிரண்டுடும், சோதனை கெட்டுடும்."

"சிஸ்டருக்கு நம்ம பூஜை ஆகி வரல போல," என்று அவர் சிரித்தார். மீட்டிங்கில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். இன்று வரை என்மேல் எனக்கு ஆத்திரம் அதில்தான். எங்கள் சர்ச் சாமியார் புது வண்டிக்குத் தீர்த்தம் தெளிப்பார். அவரே வந்து எலி ரூமுக்குத் தெளிக்கிறேன் என்றாலும் கதவுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். அதைச் சொல்லியிருக்கலாம். எழுத்தில் கொடுத்திருக்கலாம். கிறிஸ்டியன்காரி பூஜையைத் தடுக்கிறாள் என்ற பேச்சு வரும் என்று பயந்து, "பொகை மட்டும் வெளியவே வெச்சுக்கோங்கண்ணா" என்று முடித்துக்கொண்டேன். அவரும் "ஆய்த்து சிஸ்டர், ஆய்த்து" என்று ஒத்துக்கொண்டார்.

பூஜையன்று சில்க் போர்டு சிக்னலில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பூஜை முடிந்து எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். எலி ரூம் வாசலில் இரண்டு வாழைக்கன்று, தரையில் உடைத்த பூசணிக்காய். கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். உள்ளே புகை இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது. கவுன், குல்லாய், முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

சிவப்பு விளக்கில் எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. கூண்டுகள் வரிசையாக. அட்டைகள் அதனதன் இடத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று. எடை போடலாம் என்று ஏழாம் கூண்டைத் திறந்தேன். அதில் ஓர் எலிக்கு இடது காது நுனியில் நெல் அளவுக்கு ஒரு வெட்டு உண்டு, வந்த நாளிலிருந்தே. கையில் எடுத்த எலிக்குக் காது முழுசாக இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதற்கும் முழுசு.

காது ஒரே ராத்திரியில் ஆறிவிட்டதா என்று முட்டாள்தனமாக ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு ஒவ்வொரு கூண்டாகத் திறந்து விரலால் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். பதினாறாம் கூண்டில் அந்த வெட்டு என் விரலில் பட்டது.

எடைக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கூண்டாக எடை போட்டேன். ஒரு கூண்டில் நேற்றைவிட இருபது கிராம் குறைவு, இன்னொன்றில் பதினைந்து கிராம் அதிகம். பல கூண்டுகளில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எடை, எதை வைத்தும் எதையும் சொல்ல முடியவில்லை. யாரும் எதையும் கலைத்த அடையாளமே இல்லை, உள்ளே இருப்பவர்கள் மட்டும் வேறு ஆட்கள். ஓர் அட்டையை உருவிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். பகல் வெளிச்சத்தில் அட்டையின் நடுவில் பளீரென்று ஒரு குங்குமப் பொட்டு. சிவப்பு விளக்கில் சிவப்பு தெரியாது. இவ்வளவு நேரம் இருபது பொட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, என் கண்ணுக்குத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் பான்ட்ரியில் எல்லோருக்கும் பொரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எலி ரூம் கார்டெல்லாம் யாரு எடுத்தது?"

"நானே சிஸ்டர். பொகையே இல்ல பார்த்தீங்களா? நீங்க சொன்னீங்கன்னு சாம்பிராணிய ரூம் ஒளகடெ கொண்டே போகல. கூண்டு வெக்கற ரேக்க மட்டும் தொடச்சேன். கூண்டெல்லாம் கீழ எறக்கி, சுத்தமா தொடச்சி, மறுபடி மேல வெச்சாச்சு. கூண்டு மேல பொட்டு வெச்சா நீங்க பேசுவீங்கன்னு கார்டை மட்டும் வெளிய எடுத்து வெச்சு, காய வெச்சு, நம்பர் வரிசையா போட்டுட்டேன். ஒண்ணுகூட பாக்கி இல்ல."

"எந்தக் கூண்டு எங்க இருந்துச்சு?"

பொரி அள்ளின கை அப்படியே நின்றது. "எல்லாம் ஒரே எலிதானே சிஸ்டர்?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. புகை போடாதது எனக்காக. கூண்டில் பொட்டு வைக்காமல் அட்டையை எடுத்ததும் எனக்காக. என் பேச்சுக்கு மரியாதை கொடுத்தே மனுஷர் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. அவருக்கே பாதிதான் புரிஞ்சிருக்கு."

"நாலஞ்சு கூண்டு மாறியிருக்குமா?"

"மொத்தமும் போச்சு மேடம்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இதை எழுத்துல கொண்டுவந்தா இந்த நாற்பதும் வேஸ்ட். லீவு முடிஞ்சதும் கேஸ் பெட்டில போடச் சொல்வாங்க. அனிமல் கமிட்டில பர்மிஷன் வாங்கி இன்னொரு நாற்பது கொண்டுவரணும். அதுங்களையும் நீங்கதான் தண்ணில விடணும். நான் இல்ல, நீங்க. யோசிச்சுக்கோங்க."

எனக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது எலி நேற்று என் கையால் தண்ணீரில் இறங்கியது. கால் மணி நேரம் ஒவ்வொன்றும் சுவரைப் பிறாண்டியது. அது எதற்குமே இல்லை என்று ஆகிவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் மதியம் நீச்சல் நடக்கும், எண்கள் வரும், அட்டையில் இருப்பதை எழுதி அனுப்பலாம். பொய் என்று கண்டுபிடிக்க உலகத்தில் ஒருத்தராலும் முடியாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அட்டை இல்லாமயே பிரிச்சுக் காட்டட்டுமா?" என்றேன்.

மேடத்துக்குக் கவுன் மாட்டி உள்ளே கூட்டிப் போனேன். கூண்டுகளுக்கு எதிரில் ஒரு கண்ணாடி உருளையை வைத்து, குழாயைத் திறந்தேன். தண்ணீர் அடியில் விழுந்து சத்தம் எழும்பியது.

சிவப்பு இருட்டில் கூண்டுகளுக்குள் ஏதோ இரண்டாகப் பிளந்தது. பாதிக் கூண்டுகளில் எலிகள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காதை மடக்கி, மூச்சு விடுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அசையாமல் இருந்தன. மீதிக் கூண்டுகளில் எலிகள் முன்னால் வந்தன. முன்னங்காலைக் கம்பியில் வைத்து எழுந்து நின்று, தண்ணீர் விழுவதை மோப்பம் பிடித்தன. நேற்று அதே தண்ணீரில் முங்கி முங்கி வழி தேடின அதே எலிகள், இது என்ன புது வாசனை என்று ஆசையாக மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்து எனக்குப் பயமில்லை. முன்னால் வந்தவற்றைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலி ரூமில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "மை காட், வேலை செய்யுது," என்றாள் மெதுவாக.

பிறகு ஒரு பேனாவையும் புது அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். முன்னால வர்றது ஒரு எழுத்து, பின்னால போறது இன்னொரு எழுத்து."

நான் ஒன்றும் உத்தமி இல்லை. சொல்ல ஆரம்பித்தேன். முன்னால், பின்னால், பின்னால், முன்னால். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். நாற்பதும் தப்பித்தது என்றுகூட மனதுக்குள் நினைத்தேன். கடைசியில் எப்படியும் பெட்டிக்குத்தான் போகப்போகின்றன. ஆனால் ஒரு பிரயோஜனத்தோடு போகும்.

பதினோராம் கூண்டில் ஓர் எலி முன்னால் நின்றது, மற்றது பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே புட்டி ஊசிதான் போட்டேன். ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரியவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றாள் மேடம்.

'முன்னால்' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் கணக்கு அழகாகப் பாதிக்குப் பாதி வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறந்த எலிகளையெல்லாம் பொறுக்கி எடுத்து இதற்குத்தான் மருந்து என்று நாங்களே எழுதப்போகிறோம். பிறகு, மருந்து மறக்கவைக்கிறது என்று ரிப்போர்ட் அனுப்பப்போகிறோம். அதை நம்பி யாரோ ஒரு மனுஷன் கையில் ஊசி ஏறும். அவன் எதை மறப்பான், எதன் முன்னால் போய் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பான் என்று எவருக்குத் தெரியும்.

"நிறுத்துங்க மேடம். இது நாம எழுதற பதில்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு?"

"இதுக்கு மேல ஒரு எலியும் என் கையால தண்ணில போகாது. வேணும்னா நீங்க புடிச்சுப் போடுங்க."

"ஈக ஏனு மாடோது மத்தெ?" என்று, இப்போது என்னதான் செய்வது என்று கன்னடத்தில் கத்தினாள். சத்தத்தில் எல்லாக் கூண்டும் உறைந்தன. பிறகு எழுதின அட்டைகளை இரண்டாகக் கிழித்துக் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மேலே போய், நடக்கிற தவறுகளை எழுதி வைக்கும் பதிவேட்டை அவளே திறந்து என் முன்னால் வைத்தாள். அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். சூப்பர்வைசர் வந்து, "என் பேரு மட்டும் வேணாம் சிஸ்டர், ரிட்டயர்மென்ட் ஹத்திர வந்துட்டேன்," என்றார். அவர் பெயரையும் எழுதினேன், அதற்கு மேலே என் பெயரையும். எழுத்தில் கொடுக்காமல் ஒரு தடவை வாயால் சொன்னதோடு விட்டது என் தப்பு என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரை ஜெனரேட்டர் பக்கம் மாற்றினார்கள். சிஸ்டர் பூஜையைப் பற்றி கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டாள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. எந்தப் பேச்சுக்குப் பயந்து வாயை மூடினேனோ அது எப்படியும் வந்து சேர்ந்தது.

லீவு நாளிலும் எலிக்குத் தீனி வைக்க ஒருத்தர் போக வேண்டும். நான்தான் போனேன். கட்டடத்தில் வாசல் செக்யூரிட்டி தவிர யாரும் இல்லை. தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பக் குழாயைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் கூண்டுகளில் மரத்தூள் சரசரத்தது. பாதி பின்னால் போகிறது, பாதி முன்னால் வருகிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டில்களை மாட்டும்போதுதான் பார்க்க வேண்டியிருந்தது.

லீவு முடிந்த காலை உத்தரவு வந்தது. வாயுப் பெட்டி பக்கத்து அறையில். மற்ற எலிகள் பார்க்கக்கூடாது என்பது விதி. ஆனால் வாயு இறங்கும் சீறல் சுவரைத் தாண்டும், கூண்டு போன இடம் காலியாகத் தெரியும், வாசனை என் கையுறையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். எந்தக் கூண்டிலிருந்து தொடங்குவது என்பது என் இஷ்டம். யாரும் கேட்கமாட்டார்கள்.

பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றை முதலில் எடுத்தேன். தெரிந்துகொண்டு காத்திருப்பவை அவைதான். அவற்றை அதிக நேரம் காக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. மற்றவற்றுக்கு அவசரம் இல்லை. ஒவ்வொரு தடவை நான் திரும்பி வந்தபோதும் அவை கம்பியருகே வந்து, அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிற ஆளைப் போல, என் கையுறையை மோந்து பார்த்தன.